கடிபட்ட கவும்

மல்காந்தி தன் இணையதளத்தின் நெற்றியில் சிவப்பு எழுத்தில் ஓர் எச்சரிக்கை போட்டாள்: ‘எங்கள் பெயரில் ஒரு போலி உலவுகிறது, ஏமாறாதீர்கள்.’ மேசையில் வைத்த பிளேன்டீ ஆறுவதற்குள், போலி இணையதளத்தின் நெற்றியிலும் அதே எச்சரிக்கை, அதே சிவப்பில் வந்து உட்கார்ந்துகொண்டது.

“பார்த்தீங்களா மிஸ்? இப்ப நான் போலியா, அவன் போலியா?”

துப்பறியும் லலனி இரண்டு திரைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தாள். இரட்டைப் பிள்ளைகள். அதே தட்டு, அதே அச்சுமுறுக்கு மாதிரியான கொக்கிஸ், அதே மல்காந்தியின் சிரித்த முகம். காசு கட்டும் இடம் மட்டும் வேறு.

“நல்ல மனுஷன் மிஸ்,” என்றான் உதவியாளன் பியல், வாய் நிறைய, எண்ணெயில் பொரித்த கவும் பணியாரத்தோடு. “என்னை நம்பாதீங்கன்னு அவனே போட்டிருக்கான். இவ்வளவு நேர்மையான கள்ளனை நான் பார்த்ததே இல்லை.”

“மகன், அது மூணாவது கவும்,” என்றாள் மல்காந்தி.

“கவலையில சாப்பிடுறேன் அன்ட்டி.”

பாணந்துறையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் அவள் வீடு. முன்பாதி வீடு, பின்பாதி சமையல்கட்டு. புத்தாண்டு வந்தால் அங்கே எண்ணெய்ச் சட்டிகள் இறங்காது. மிலானிலும் மெல்பனிலும் இருக்கும் பிள்ளைகள் இணையதளத்தில் பணம் கட்டுவார்கள். குருநாகலிலும் மாத்தறையிலும் இருக்கும் தாய்மாரின் வாசலில் மல்காந்தியின் பலகாரப் பெட்டி போய் இறங்கும். பெட்டி வந்தால் பிள்ளை நினைத்திருக்கிறான் என்று அர்த்தம்.

இந்த வருஷம் பல வாசல்களில் பெட்டி இறங்கவில்லை. அந்தப் பிள்ளைகள் பணம் கட்டியது போலியில்.

“களுத்துறையில இருந்து ஒரு அம்மா பஸ் ஏறி வந்துட்டாங்க,” என்றாள் மல்காந்தி. “கேட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லை மிஸ், அழுதாங்க. நான் உள்ளே போய் ஒரு பெட்டி கொண்டுவந்து நீட்டினேன். வாங்கல. ‘இது என் மகன் அனுப்பினது இல்லையே’ன்னுட்டுப் போயிட்டாங்க.”

அவள் முந்தானையால் மேசையைத் துடைத்தாள். மேசை சுத்தமாகத்தான் இருந்தது.

“இன்னைக்குப் பின்னேரத்துக்குள்ள இது முடியலைன்னா நான் எல்லாத்தையும் மூடுறேன். பின்னால வேலை செய்ற பொம்பளைங்ககிட்டயும் சொல்லிட்டேன். என் பேரைச் சொல்லித் தாய்மாரை ஏமாத்துறதுன்னா, அந்தப் பேரே இல்லாமப் போகட்டும்.”

லலனிக்குப் பெயர் என்ற சொல் கேட்டால் போதும், விளக்காமல் இருக்க முடியாது. நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“அக்கா, இணையத்துல பேருங்கிறது கடைப் பலகை மாதிரி. பலகைக்கு ஒரு வால் உண்டு. இலங்கைக்குன்னு ஒரு வால், டாட் எல்கே. உலகத்துக்கே பொதுவா ஒரு வால், டாட் காம். ஒரே பேரை ரெண்டு வாலோடயும் தனித்தனியா விற்கிறாங்க. நீங்க இலங்கை வாலை வாங்கினீங்க. மற்ற வால் சும்மா கிடந்தது. எவனோ போய் வாங்கிட்டான்.”

“யாரு வாங்கினதுன்னு விற்றவங்ககிட்ட கேட்டேனே. சொல்ல ஏலாதாம்.”

“சொல்ல மாட்டாங்க. பேரை மறைச்சு வச்சுக்கிறதுக்கு அவன் அனுமதி வாங்கியிருக்கான். வேற யார்கிட்டயாவது கேட்டீங்களா?”

“லக்மால் சேர்கிட்ட. நம்ம ஊர்க் கம்ப்யூட்டர் டியூஷன் சேர்.”

“சந்திக்குச் சந்தி போஸ்டர்ல விரலை நீட்டிக்கிட்டு நிற்கிறாரே, அவரா?” என்றான் பியல். “நான் அந்த விரலைப் பார்த்துத்தான் இடது பக்கம் திரும்பினேன்.”

“சிரிக்காதீங்க மகன், தங்கமான மனுஷன். ரெண்டு தரம் வீட்டுக்கே வந்து பார்த்தார். இது மனுஷன் செய்றதில்லை அன்ட்டி, ரஷ்யாவுல ஒரு மெஷின் தானாப் பிரதி எடுக்குது, ஒண்ணும் செய்ய ஏலாது, இணையதளத்தை மூடிடுங்கன்னார். ஆனா எனக்கு என்னவோ சோமசிரி மேலதான் சந்தேகம். காலி வீதியில பலகாரக் கடை வச்சிருக்கானே, அவன். என் கொக்கிஸைப் பார்த்தாலே அவனுக்குக் காய்ச்சல் வரும்.”

லலனி இரண்டு பெயர்களையும் காதில் போட்டுக்கொண்டாள். “மெஷின்னா எப்பவுமே பிரதி எடுக்கணும். ஒருக்காவது எடுக்காம விட்டதுண்டா?”

“அதை நதீகாகிட்டத்தான் கேட்கணும்.”

நதீகா, மல்காந்தியின் மகள். மெல்பனில் இருந்துகொண்டே அம்மாவின் இணையதளத்தைக் கவனிப்பவள். தொலைபேசியில் அவள் குரல் வந்தது.

“ஒரே ஒரு தரம் அக்கா. நேத்து. காலையில முதல் பக்கத்துப் படத்தை மாத்தினேன். பாவி இப்ப எடுப்பான், இப்ப எடுப்பான்னு நாள் முழுக்கப் பார்த்துட்டே இருந்தேன். அசையவே இல்லை. எங்களுக்கு இரவானதும் தூங்கிட்டேன். எழும்பிப் பார்த்தா மாத்தியிருந்தான்.”

“நேத்துக் காலையிலயா?” மல்காந்தி நெஞ்சில் கை வைத்தாள். “நொனகதேல! அடுப்பே மூட்டக் கூடாத நேரத்துல இவ உட்கார்ந்து வேலை பார்த்திருக்கா!”

“அம்மா, மெல்பன்ல நொனகதே கிடையாது. ஷிஃப்ட்தான் இருக்கு.”

லலனி எழுந்து நின்றுவிட்டாள்.

பழைய வருஷம் போய்ப் புது வருஷம் வந்து சேர்வதற்கு இடையில் யாருக்கும் சொந்தமில்லாத சில மணி நேரம் உண்டு. அதுதான் நொனகதே. இந்த வருஷம் அது பட்டப்பகலில் வந்தது. அடுப்பு எரியாது, கடை திறக்காது, காசு கைமாறாது. மல்காந்தி விளக்குமாற்றைக்கூடத் தொடவில்லை. பிறகு குறித்த சுபவேளை வரும். தையல்காரன் ஒரு தையல் போடுவான், பிள்ளை புத்தகத்தைத் திறக்கும். அவரவர் வேலையை அவரவர் தொட்டு வைப்பார்கள்.

“படங்களுக்கு ஒரு நல்ல குணம் இருக்கு,” என்றாள் லலனி, விரல்கள் விசைப்பலகையில் ஓட. “இணையதளத்துல ஏத்தும்போதே முதுகுல நேரம் பதிஞ்சிடும். கடிதத்துல தபால் முத்திரை குத்துற மாதிரி. நாம கேட்டா, அந்த இணையதளமே மறைக்காமச் சொல்லும். இதோ. போலியில அந்தப் படம் ஏறினது நேத்துப் பின்னேரம் ஐந்து பதினேழு. பியல், சுவரில ஒட்டியிருக்கிற சுபவேளைத் தாளைப் படி.”

பியல் கையிலிருந்த கவுமோடு சுவருக்குப் போனான். “வேலை தொடங்குதல், கொடுக்கல் வாங்கல், உணவு உண்ணுதல்... பிற்பகல் ஐந்து...” அவன் மெல்லுவதை நிறுத்தினான். “ஐந்து பதினேழு. பச்சை ஆடை அணிந்து, வடக்குத் திசை நோக்கி.”

லலனி திரையிலிருந்த நேரத்தை மறுபடி பார்த்துத் தலையசைத்தாள்.

“மிஸ், அப்ப அந்த ரஷ்ய மெஷின் பச்சைச் சட்டை போட்டு, வடக்கே பார்த்து உட்கார்ந்து...”

“மெஷின் இல்லை பியல். மனுஷன். அதுவும் நம்ம மனுஷன். நொனகதேல எதையும் தொடல. சுபவேளை வந்ததும் தன்னோட தொழிலைத் தொட்டு வச்சிருக்கான். அவன் தொழில், இவங்களைப் பிரதி எடுக்கிறது.”

“கள்ளனுக்கு எவ்வளவு பக்தி!”

“நான் சொன்னேனே, சோமசிரி!” என்றாள் மல்காந்தி.

சோமசிரியின் கடை நடக்கும் தூரம்தான். கண்ணாடிப் பெட்டியில் மீன் வைத்த மாலு பாண் அடுக்கியிருந்தது. அவர் கல்லாவில் உட்கார்ந்து, தொலைபேசித் திரை உடைந்த இடத்தில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார்.

“முதலாளி, புத்தாண்டு வாழ்த்து,” என்றாள் லலனி. “நேத்து நொனகதே எல்லாம் நல்லாப் போச்சா?”

சோமசிரி முறைத்தார். “யாரு அனுப்பினது உங்களை? விகாரைச் சபையா? ஆமா, திறந்துதான் வச்சிருந்தேன். காலையில இருந்து ரோல்ஸ் பொரிச்சேன். என்ன இப்ப?”

“நாள் முழுக்கவா?” என்றான் பியல்.

“பின்னே? ஊரே அடுப்பை அணைச்சிட்டு உட்கார்ந்தா, மாத்தறை பஸ்ல போறவன் காற்றையா தின்பான்? அந்தப் பஸ்ஸையும் எவனோ ஓட்டத்தானே செய்றான்? என் பெண்சாதி நேத்துல இருந்து என்கூடக் கதைக்கிறதில்லை. போதுமா?”

“ஐந்து பதினேழுக்கு என்ன செய்தீங்க?”

“மாவு பிசைஞ்சேன்! எந்தத் திசைன்னு கேட்காதீங்க. தண்ணிக் குழாய் எந்தத் திசையில இருக்கோ அந்தத் திசை.”

“மல்காந்தி அக்காவோட கொக்கிஸ் பத்தி என்ன நினைக்கிறீங்க?”

“அதைச் சொல்லி அவளுக்குத் தலைக்கனம் ஏத்த மாட்டேன்,” என்றார் சோமசிரி. ரோல்ஸுக்குக் காசும் வாங்கவில்லை. பியல் ஏற்கெனவே தின்றுவிட்டிருந்தான்.

வெளியே வந்ததும் லலனி விரலைச் சொடுக்கினாள். “இவர் இல்லை. நொனகதேல ரோல்ஸ் விற்கிறவர், திருட்டுக்கு மட்டும் ஓய்வு கொடுப்பாரா?”

“ஊர்லயே பக்தி இல்லாதவர் நிரபராதி,” என்றான் பியல். “அப்ப இனி பக்தி உள்ள எல்லாரும் சந்தேகத்துக்குரியவங்க. பாணந்துறை முழுக்க, மிஸ்.”

“முழுக்க வேண்டாம். கள்ளன் பிரதி எடுக்கணும்னா முதல்ல எங்கே போகணும்?”

“அசலுக்கு.”

“எப்போ?”

பியல் நடையை நிறுத்தினான். “ஐந்து பதினேழுக்கு!”

திரும்பி வந்ததும் லலனி நதீகாவை மறுபடியும் அழைத்தாள். “நங்கி,” என்றாள், தங்கையைக் கூப்பிடுவதுபோல். “நேத்துச் சுபவேளையில, நாடே கிரிபத் பால்சோற்றுத் தட்டு முன்னால உட்கார்ந்திருந்த அந்த நிமிஷத்துல, உங்க இணையதளத்துக்கு எத்தனை பேர் வந்தாங்க?”

“மூணே பேர் அக்கா. மூணு பேருமே ஒவ்வொரு பெட்டிக்குப் பணம் கட்டியிருக்காங்க.”

“அது வருஷா வருஷம் நடக்கிறதுதான்,” என்றாள் மல்காந்தி. “வருஷத்தோட முதல் கொடுக்கல் வாங்கல் என் கையால நடந்தா ராசின்னு சிலருக்கு நம்பிக்கை.”

“அதிலதான் ஒருத்தன் கள்ளன்.”

“என்ன மிஸ் சொல்றீங்க? என்னைக் கொள்ளையடிக்கிறவன் என்கிட்டயே பெட்டி வாங்குவானா?”

“தாளைப் பாருங்க அக்கா. வேலைக்கும் கொடுக்கல் வாங்கலுக்கும் ஒரே சுபவேளை. உங்க பேரைத் திருடுறான், ஆனா உங்க கைராசியை நம்புறான். இருங்க நங்கி, பேரைச் சொல்லாதீங்க! ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு மட்டும் வச்சுக்கலாம். பேர் தெரிஞ்சா உங்க அம்மா இப்பவே செருப்பைப் போட்டுக்கிட்டுக் கிளம்பிடுவாங்க.”

மல்காந்தியின் கண் வாசலில் கிடந்த செருப்புக்குப் போனது.

இங்கே லலனி வைக்கப்போகும் பொறி எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது அழகான பொறி. பெரிய துணிக்கடைக்குள் நுழையும்போது நம் பையை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு டோக்கன் தருவார்கள் அல்லவா? இணையதளமும் அப்படித்தான். முதல் தடவை வருகிறவரின் கணினிக்குள் சத்தமில்லாமல் ஒரு டோக்கனைப் போட்டு வைக்கும். அவர் மறுபடி வரும்போது கணினி அதை நீட்டும். ‘ஓ, நேற்று வந்தவரா’ என்று இணையதளத்துக்குத் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு, அவருக்கு மட்டும் வேறொரு பக்கத்தைக் காட்டலாம். காட்டுவது அவருக்குத் தெரியாது. உலகம் முழுவதும் இதையே பார்க்கிறது என்றுதான் அவர் நினைப்பார்.

“மூணு டோக்கனுக்கு மூணு படம்,” என்றாள் லலனி. “ஒரே தட்டு, சின்னச் சின்ன வித்தியாசம். மற்ற எல்லாருக்கும் பழைய பக்கமே போகட்டும். போலியில எந்தப் படம் வருதோ, அவன்தான் ஆள்.”

தட்டு அலங்காரமானது. கவும் கோபுரமாக, கொக்கிஸ் சுற்றிலும், ஓரத்தில் ஒரு சீப்பு வாழைப்பழம். முதல் படத்தில் கொக்கிஸ் மேல் ஒரு வெற்றிலை. இரண்டாவதில் வெற்றிலை இல்லை, வாழைச்சீப்பு திரும்பியிருந்தது. சீப்பைப் பழையபடி வைத்துவிட்டு, மூன்றாவதற்கு லலனி தொலைபேசியை உயர்த்தியபோது மல்காந்தி அலறினாள்.

“மகன்! படத்துக்கு வச்ச கவுமைக் கடிச்சு வச்சிருக்கீங்களே!”

கோபுரத்தின் ஓரத்தில் ஒரு கவும், பிறை நிலா மாதிரிக் குறைந்திருந்தது.

“கை பட்டுடுச்சு அன்ட்டி.”

“கையா? பல் தெரியுது!”

“மாத்தாதீங்க அக்கா,” என்றாள் லலனி. “இதைவிட நல்ல அடையாளம் கிடைக்காது. பியலோட முன்பல்லுக்கு நடுவில இருக்கிற சந்து உலகத்துல வேற யாருக்கும் கிடையாது.”

‘இன்று மட்டும்: புத்தாண்டுச் சிறப்புப் பெட்டி’ என்று எழுதி, நதீகா மூன்று படங்களையும் மூன்று டோக்கன்களுக்கு ஏற்றினாள். பிறகு மூவரும் போலியின் முன்னால் உட்கார்ந்தார்கள். மல்காந்தி பிளேன்டீ கொண்டுவந்து வைத்தாள். யாரும் குடிக்கவில்லை. பியல்கூட எதையும் தொடவில்லை.

திரை ஒரு தடவை வெளுத்தது. பிறகு நிறைந்தது.

கவும் கோபுரம். வெற்றிலை இல்லை. வாழைச்சீப்பு திரும்பவில்லை. பியல் திரைக்கு முகத்தைக் கொண்டுபோனான்.

“அன்ட்டி,” என்றான் மெதுவாக, “என் பல்.”

கடிபட்ட கவும், போலியின் முதல் பக்கத்தில், முழு அகலத்துக்கு.

“நங்கி, மூணாவது டோக்கன் யாரு?”

மறுமுனையில் நதீகா பட்டியலைத் திறந்து பார்த்தாள். “அம்மா, நீங்க உட்கார்ந்துதானே இருக்கீங்க? லக்மால் சேர்.”

மல்காந்தி சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. “இல்லை. அவர் எனக்கு உதவி செய்ய வந்தவர். ரெண்டு தரம் வந்தார்.”

“நீங்க எவ்வளவு கண்டுபிடிச்சிருக்கீங்கன்னு பார்க்க வந்தார்,” என்றாள் லலனி. “மெஷின்னு முதல்ல சொன்னது யாரு? இணையதளத்தை மூடுங்கன்னு சொன்னது யாரு? நீங்க மூடியிருந்தா இந்தப் பேருக்கு ஒரே கடைதான் மிஞ்சியிருக்கும். அவரோடது. பெட்டியை அவருக்கு எங்கே அனுப்பணும்?”

“அனுப்புறதில்லை. ஒவ்வொரு வருஷமும் என் கையால வாங்கணும்னு அவரே வருவார்.” மல்காந்தி கடிகாரத்தைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்தாள். “இன்னைக்குப் பின்னேரம்.”

வெயில் சாய்ந்தபோது கேட் சத்தம் கேட்டது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் வெற்றிலைக் கட்டு, சுவரொட்டியில் இருக்கும் அதே சிரிப்பு. லக்மால் சேர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, வெற்றிலையை இரண்டு கையாலும் நீட்டி, மல்காந்தியின் காலடியில் குனிந்தார்.

மல்காந்தி கைகளை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

குனிந்தவர் குனிந்தபடியே காத்திருந்தார். அவர் கண்ணெதிரே, தரையில், லலனி ஒரு தொலைபேசியை வைத்தாள். திரையில் கடிபட்ட கவும்.

“சேர், ஒரு சின்னச் சந்தேகம். ரஷ்ய மெஷின் நொனகதே பார்க்குமா?”

“என்ன... எனக்குப் புரியலையே...”

“இந்தப் படத்தை உலகத்துல ஒரே ஒரு கணினிக்குத்தான் காட்டினோம். உங்களோடதுக்கு.”

“கடிச்சது நான் சேர்,” என்றான் பியல் பணிவாக. “பிரதி எடுத்தது நீங்க.”

லக்மால் சேர் எழுந்தார். சிரிப்பு மட்டும் இன்னும் முகத்திலிருந்து போகத் தெரியாமல் நின்றது. “அன்ட்டி... வகுப்புக்குப் பிள்ளைங்க வர்றதில்லை. எல்லாம் ஃபோன்லயே படிக்குதுங்க. மண்டபம் காலியா... ஒரு தரம் செய்து பார்த்துட்டு விட்டுடலாம்னுதான்...”

“களுத்துறை அம்மா அந்தக் கேட்டைப் பிடிச்சுக்கிட்டுத்தான் அழுதாங்க சேர்,” என்றாள் மல்காந்தி. “நீங்க இப்ப திறந்துட்டு வந்த கேட். என் கைராசி வேணும்னு வந்தீங்களே. இந்தக் கை இனி உங்களுக்கு இல்லை.”

வெற்றிலைக் கட்டு அவர் கையிலேயே இருந்தது. வைக்க ஓர் இடம் இல்லாமல் அவர் சுற்றிலும் பார்த்தார். பிறகு பரபரவென்று தன் தொலைபேசியை எடுத்தார். “இப்பவே அழிச்சிடுறேன். இந்த நிமிஷமே அந்தப் பேரை விட்டுடுறேன்...”

“தொடாதீங்க!” லலனியின் குரல் உயர்ந்தது இதுதான் முதல் தடவை. பியல் அவர் கையைப் பிடித்தேவிட்டான்.

“அழிக்கத்தானே மிஸ் வேணும்?” என்றாள் மல்காந்தி.

“வேண்டாம் அக்கா. கைவிட்ட பேர் காற்றுல கரையாது. திரும்பச் சந்தைக்குப் போகும். விற்பனைக்கு வந்ததும் இன்னொருத்தன் வாங்கி, இதே கதையை முதல்ல இருந்து ஆரம்பிப்பான். அதுவரைக்கும் எத்தனை பிள்ளைங்களோட ஃபோன்ல இந்தத் தப்பான விலாசம் சேமிச்சு வச்சிருக்கோ, அவங்க எல்லாரும் பூட்டின கதவுல முட்டிக்கிட்டு நிற்பாங்க. சேர், உட்காருங்க. உங்க கடவுச்சொல்லைப் போடுங்க.”

அவர் உட்கார்ந்தார். பெயர் விற்கும் இணையதளத்தில் உரிமையாளர் என்ற இடத்தைத் திறந்தார். லலனி சொல்லச் சொல்ல, மல்காந்தியின் பெயரும் மின்னஞ்சலும் அங்கே ஏறின. உறுதிப்படுத்தச் சொல்லி மல்காந்தியின் தொலைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. அவள் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, ஆள்காட்டி விரலால் ஒரே ஒரு தடவை அழுத்தினாள். அடுத்து ஏமாந்தவர்களின் முகவரிகள் நதீகாவுக்குப் போயின. எந்த மகன் எந்தத் தாய்க்கு அனுப்பச் சொன்னான் என்பது ஒன்றுவிடாமல் அதில் இருந்தது. கடைசியாக லலனி அந்தப் பெயருக்கான இன்னொரு கட்டத்தைத் திறந்து, ஒரு முகவரியை எழுதிச் சேமித்தாள்.

“நாளைக்குக் காலையில பொலிஸுக்கு நாம எல்லாரும் சேர்ந்து போறோம், சேர்,” என்றாள் லலனி. “அக்கா கூட வருவாங்க.”

“வருவேன். ஆனா இன்னைக்கு எனக்கு நேரமில்லை,” என்றாள் மல்காந்தி. பின்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். “பிள்ளைங்களே, சட்டியை இறக்காதீங்க! பெட்டிங்க போகணும். ஒவ்வொண்ணுலயும் மகன் பேரைப் பெரிசா எழுதணும். களுத்துறைப் பெட்டி முதல்ல!”

“எழுதுறதுக்கு நான் உதவுறேன்,” என்றான் பியல். “பலகாரம் அடுக்குறதுக்கும்.”

“எழுத மட்டும், மகன்.”

அவன் சிரித்துக்கொண்டே போலியின் பெயரைக் கடைசி எழுத்துவரை, டாட் காம் என்ற வாலோடு தட்டினான். திரை வெளுத்தது. நிறைந்தபோது அங்கே மல்காந்தியின் அசல் பக்கம் நின்றது. மேலே, டாட் எல்கே என்ற வால்.

மல்காந்தி திரையையும் லலனியையும் மாறி மாறிப் பார்த்தாள். “இவ்வளவுதானா மிஸ்?”

“இவ்வளவுதான் அக்கா. போலிப் பேரை மூடக் கூடாது. நம்ம பேருக்கு மாத்தி எழுதி, நம்ம வாசலுக்கே திருப்பி விடணும். இனி யாரு அந்த வழியா வந்தாலும், உங்க வீட்டுக்குத்தான் வந்து சேருவாங்க.”